மகனை ஃபார்முலா காரில் ஏற்றிய ஒரு சீசன்: கையெழுத்துப் போடும் முன் எனக்கு யாரும் சொல்லாதவை

கார்ட்டிங்கில் பிள்ளை நன்றாக ஓட்டுகிறது, அடுத்து ஒருவர் மட்டும் உட்காரும் ரேஸ் வண்டியான ஃபார்முலா காரில் ஏற்றலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் வீடுகளுக்காக இதை எழுதுகிறேன். நான் திருப்பூரில் சின்னதாக, துணி தைக்கும் ஒரு பவர் டேபிள் யூனிட் நடத்துகிறேன். கணவர் மஸ்கட்டில் வேலை. எங்கள் இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் ரேஸ் பற்றித் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. மகன் பிளஸ் ஒன் முடித்த வருடம் தேசிய கார் ரேஸ் சாம்பியன்ஷிப்பின் எல்.ஜி.பி. ஃபார்முலா 4 பிரிவில் ஒரு முழு சீசன் ஓட்டினான். அந்த சீசனின் ஒவ்வொரு கையெழுத்தும், ஒவ்வொரு பில்லும், ஆஸ்பத்திரி வாசலில் நின்ற நேரமும் என் தலையில்தான் இருந்தது. ஐந்து லட்சத்துக்குள் முடியும் என்று நம்பி இறங்கினோம். ஏழரை லட்சத்தைத் தாண்டியது. பணம் போனதைவிட, எதற்காகப் போகிறது என்றே புரியாமல் கொடுத்துக்கொண்டிருந்த முதல் மூன்று மாதம்தான் என்னை மிகவும் வதைத்தது.

கோயம்புத்தூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு இந்த ஆசை வருவது இயல்பு. செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது, ஏறக்குறைய 2.1 கிலோமீட்டர் டிராக், 2003-லிருந்து ஓடுகிறது. அதற்குப் பெயர் தந்த கரிவர்தன், மாருதி 800 எஞ்சினை வைத்து இங்கேயே சிங்கிள் சீட்டர் கார் கட்டியவர். 1995-ல் விமான விபத்தில் இறந்துபோனார். 2005-ல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் கோவைக்காரர். அந்த மண்ணில் பிறந்த பிள்ளைக்கு ஆசை வராமல் எப்படி இருக்கும்? என் மகன் ஓட்டிய காரும் அந்த வழியில் வந்ததுதான். இரும்புக் குழாய்களைப் பற்றவைத்த சட்டகம், முதுகுக்குப் பின்னால் மாருதி எஸ்டீமின் 1300 சிசி எஞ்சின், மூடாத நான்கு சக்கரம். பார்க்க எளிமையான வண்டி. ஆனால் ஓட்டுவது எளிதில்லை. பிரேக்கை எப்போது விடுவது, காரின் எடையை முன்சக்கரத்துக்கு எப்படிக் கொண்டுவருவது என்பதையெல்லாம் இது கண்டிப்பாகச் சொல்லிக்கொடுக்கும் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். ஒரு சீசன் பக்கத்தில் நின்று பார்த்த பிறகு நானும் அதை நம்புகிறேன்.

சொந்தக்காரர்கள் எல்லோரும் "எப்ப ஃபார்முலா ஒன்?" என்று கேட்டார்கள். அதற்கு முதலிலேயே தெளிவு வேண்டும். எல்.ஜி.பி. ஃபார்முலா 4 வேறு, உலக அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் சான்று பெற்ற ஃபார்முலா 4 வேறு. அந்த இரண்டாவது வகை இந்தியாவில் 2023-லிருந்து தனியாக நடக்கிறது. அது கார்பன் ஃபைபர் உடல், தலைக்கு மேலே ஹேலோ வளையம் உள்ள கார். செலவும் பல மடங்கு. ஃபார்முலா ஒன்னுக்கு வேண்டிய சூப்பர் லைசென்ஸுக்கு 40 புள்ளி சேர்க்க வேண்டும், எஃப்.ஐ.ஏ. ஃபார்முலா 4 ஒன்றில் சாம்பியன் ஆனாலே 12 புள்ளிதான். நம் எல்.ஜி.பி. வகுப்பில் அந்தப் புள்ளிக்கணக்கே கிடையாது. இது பள்ளிக்கூடம், ஓட்டக் கற்றுக்கொள்ளும் இடம். "இங்கிருந்து நேரா யூரோப்" என்று யாராவது பேசினால் காசோலைப் புத்தகத்தை மூடி வைத்துவிடுங்கள்.

காரை நாம் வாங்க வேண்டியதில்லை. டீம் ஒன்று கார், மெக்கானிக், டயர், பெட்ரோல் எல்லாம் தரும், ஒரு ரவுண்டுக்கு, அதாவது ஒரு வாரக்கடைசிப் போட்டிக்கு, இவ்வளவு என்று பணம் கட்ட வேண்டும். எங்களுக்கு ரவுண்டுக்கு 90,000 ரூபாய், நான்கு ரவுண்டு. அதோடு 50,000 டேமேஜ் டெபாசிட். இரண்டு பக்கத்தில் ஒரு ஒப்பந்தம் தந்தார்கள். அதில் "வாகனத்துக்கு ஏற்படும் சேதம் ஓட்டுநரின் பொறுப்பு" என்று ஒரே ஒரு வரி. டெபாசிட் 50,000 என்பதால் எது உடைந்தாலும் அதற்குள் முடிந்துவிடும் என்றுதான் யார் படித்தாலும் நினைப்பார்கள். அப்படி இல்லை. டெபாசிட் வெறும் முன்பணம், உச்சவரம்பு என்று எதுவும் இல்லை. இன்னொன்று, இடித்தது யாராக இருந்தாலும் உங்கள் கார் உடைந்தால் நீங்கள்தான் கட்ட வேண்டும். ரோட்டில் இடித்தவனிடம் கேட்பதுபோல் இங்கே கேட்க முடியாது. கையெழுத்துப் போடும் முன் நான்கு கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்: ஒரு ரவுண்டில் அதிகபட்சம் எவ்வளவு கட்ட வேண்டும், பாகங்களின் விலைப்பட்டியல் எங்கே, எஞ்சினோ கியர்பாக்ஸோ தானாகப் போனால் யார் பொறுப்பு, டெபாசிட் எந்தத் தேதிக்குள் திரும்பும். தயங்காமல் கேளுங்கள். நல்ல டீமாக இருந்தால் உடனே எழுதித் தருவார்கள், முகம் சுளித்தால் அங்கேயே விஷயம் தெரிந்துவிடும்.

உடைகளுக்கும் சாமான்களுக்கும் 1,10,000 ஆனது. தீயைத் தாங்கும் முழு உடை, அதற்குள் போடும் உள்ளாடை, கையுறை, ஷூ, ஹெல்மெட், கழுத்தைக் காக்கும் ஹான்ஸ். விலை குறைவாகக் கிடைக்கிறது என்று பழையதை வாங்குவதில் தப்பில்லை, ஆனால் லேபிளைப் பாருங்கள். உடையில் எஃப்.ஐ.ஏ. 8856 என்ற எண் தைத்திருக்க வேண்டும். ஹெல்மெட் ஸ்னெல் அமைப்பின் எஸ்.ஏ. முத்திரை உள்ளதாக இருக்க வேண்டும். எம். முத்திரை பைக்குக்கானது, அதில் தீயைத் தாங்கும் சோதனை கிடையாது. எந்த வருடத்து முத்திரை வரை செல்லும் என்பது அவ்வப்போது மாறும். அதனால் வாங்குவதற்கு முன் லேபிளைப் போட்டோ எடுத்து ஸ்க்ரூட்டினி, அதாவது ரேஸுக்கு முன் காரையும் உடைகளையும் சோதனை, செய்கிறவர்களில் ஒருவரிடம் கேட்டுவிடுங்கள். ஒரு பையன் பாதி விலைக்கு வாங்கிய உடையோடு வந்து, வெள்ளிக்கிழமை காலையில் அது செல்லாது என்று ஆகி, அவன் அப்பா வாடகை உடைக்காகக் கேரேஜ் கேரேஜாக அலைந்ததை நான் பார்த்தேன்.

இன்சூரன்ஸ் பற்றி யாரும் பேசவே மாட்டேன் என்கிறார்கள். நம் வீட்டில் எடுத்திருக்கும் சாதாரண மருத்துவ பாலிசியில் விலக்குகள் என்ற பகுதியைப் பிரித்துப் பாருங்கள். ஆபத்தான விளையாட்டுகள் என்ற தலைப்பில், தொழில்முறையாகப் பங்கேற்றால் பணம் தரமாட்டோம் என்று எழுதி, பட்டியலில் மோட்டார் ரேஸை நேராகவே குறிப்பிட்டிருப்பார்கள். லைசென்ஸ் எடுத்து சாம்பியன்ஷிப்பில் ஓட்டும் பள்ளி மாணவன் அந்தத் தொழில்முறைக்குள் வருவானா மாட்டானா? நான் கேட்டபோது ஏஜென்ட் "அதெல்லாம் பிரச்சனை இல்லீங்க" என்றார். மெயிலில் எழுதித் தரச் சொன்னேன். இரண்டு வாரம் கழித்து, வராது என்று பதில் வந்தது. போட்டி லைசென்ஸோடு என்ன விபத்துக் காப்பீடு வருகிறது, எவ்வளவு தொகைக்கு, ஆஸ்பத்திரியில் நேரடியாகக் கட்டுவார்களா, நாம் கட்டிவிட்டுப் பிறகு வாங்க வேண்டுமா என்று அந்த லைசென்ஸைத் தரும் ஃபெடரேஷனிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நான் ஒரு லட்சத்தை வங்கியில் தனியாக வைத்து, சீசன் முடியும்வரை தொடவில்லை. அந்த ஒரு விஷயத்தில்தான் ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

முதல் ரவுண்டு செட்டிபாளையத்தில். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆளைத் தள்ளியது, நடுநடுவே சாரல். டிராக்கின் ஒரு பக்கம் ஈரம், மறுபக்கம் காய்ந்து கிடந்தது. ரேஸ் ஆரம்பித்த முதல் சுற்றிலேயே முன்னால் போன கார் ஒன்று சுழன்று நடுவில் நின்றது. என் மகனுக்கு ஒதுங்க இடமில்லை. இடது முன்சக்கரம் அதன் பின்சக்கரத்தில் மாட்டி, கார் அரையடி எழும்பி விழுந்தது. மூடாத சக்கரங்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டால் கார் பறக்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன், கண்ணால் பார்த்தது அன்றுதான். டீம்கள் நிற்கும் பிட்டிலிருந்து டிராக் முழுவதும் தெரியாது. ரேஸை நிறுத்தச் செங்கொடி காட்டினார்கள், மைக் வர்ணனை நின்றுபோனது, எந்த நம்பர் கார் என்று யாருக்கும் தெரியவில்லை. அவன் தானாக நடந்து வருவதைப் பார்க்கும்வரை எனக்கு மூச்சே இல்லை. அந்த நேரத்தில் யாரும் நம்மிடம் வந்து சொல்ல மாட்டார்கள், எல்லோருக்கும் அவரவர் வேலை. மருத்துவ அறை எங்கே, ஆம்புலன்ஸ் எந்த ஆஸ்பத்திரிக்குப் போகும், யாரிடம் கேட்டால் தகவல் கிடைக்கும் என்பதை வெள்ளிக்கிழமையே விசாரித்து வையுங்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால், பெற்றோர் போன் நம்பரும் ரத்த வகையும் டீம் மேனேஜரிடமும் மருத்துவ அறையிலும் இருக்கட்டும்.

திங்கட்கிழமை வாட்ஸப்பில் பில் வந்தது. 68,000. விஷ்போன் இரண்டு, புஷ் ராட், அப்ரைட், மூக்குப் பகுதி, ரிம், அலைன்மென்ட் கூலி. எனக்குத் தெரிந்ததெல்லாம் துணி, நூல், ஓவர்லாக். இந்தப் பெயர்களில் ஒன்றுகூடத் தெரியாது. யாரிடம் கேட்பது? அடுத்த ரவுண்டுக்கு முன் கட்டினால்தான் கார் என்றார்கள். கழுத்துச் சங்கிலியைக் கூட்டுறவு வங்கியில் வைத்துக் கட்டினேன். கணவரிடம் அப்போது சொல்லவில்லை, கடல் கடந்து இருக்கிறவரை எதற்கு வருத்த வேண்டும் என்று. ராத்திரி பூட்டிய யூனிட்டில் உட்கார்ந்து அழுதேன். அது பயத்தில் வந்த அழுகை இல்லை. நம்மை ஏமாற்றுகிறார்களா, நியாயமான கணக்கா என்றுகூடச் சொல்லத் தெரியாத நிலைமைதான் அழவைத்தது.

அங்கே ஒரு வயதான மெக்கானிக் இருந்தார், வேறு டீம். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவராகவே வந்து பேசினார். "அம்மிணி, பில்லு வந்தா பணத்த எடுக்காதீங்க. மொதல்ல ஒடஞ்ச பீஸைக் காட்டச் சொல்லுங்க. காட்டுனா கட்டுங்க. காட்டலீன்னா கேளுங்க." இதைவிட உபயோகமான வார்த்தையை அந்த சீசன் முழுக்க யாரும் எனக்குச் சொல்லவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு ரவுண்டிலும், கார் வெளியே போகும் முன் டீம் மெக்கானிக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான்கு பக்கமும் போட்டோ எடுத்தேன். பழைய கீறல், ஏற்கெனவே ஒட்டுப்போட்ட ஃபைபர், துருப்பிடித்த நட்டு எல்லாம் அதில் பதிவாகும். உடைந்த பாகங்களைச் சாக்குப் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்து வந்தேன். சக்கரத்தைக் காரோடு பிடித்திருக்கும் விஷ்போன் வளைந்தால் அதை நேராக்கி மறுபடி மாட்டலாமா, புதிதுதான் வேண்டுமா என்பதையும் அந்த அண்ணாவிடம் கேட்டுக்கொள்வேன். சஸ்பென்ஷன் பாகத்தை நேராக்கி ஓட்டக்கூடாது, விரிசல் வெளியே தெரியாமல் உள்ளே இருக்கும், அந்த இடத்தில் காசைப் பார்க்காதீர்கள் என்றார். மூக்குப் பகுதியை ஃபைபர் வைத்து ஒட்டலாம், தப்பில்லை. இந்த வித்தியாசம் தெரிந்ததும் மேனேஜர் என்னிடம் பேசும் தோரணையே மாறியது. மூன்றாவது ரவுண்டில் 52,000 என்று வந்த பில், போட்டோவும் பாகங்களும் பார்த்த பிறகு 30,000 ஆனது.

இரண்டாவது ரவுண்டின் வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் எஞ்சின் போனது. "பையன் கியர் தப்பா போட்டுட்டான் மேடம், ஓவர் ரெவ்" என்றார்கள். மகன் இல்லவே இல்லை என்றான். ஐந்திலிருந்து நான்குக்கு இறக்க வேண்டிய இடத்தில் இரண்டில் விழுந்துவிட்டால் எஞ்சின் தாங்காத வேகத்தில் சுற்றும், அது ஓட்டுகிறவன் பொறுப்புதான். ஆனால் அப்படி நடந்ததா என்பதை எஞ்சினே சொல்லும். மெக்கானிக் அண்ணா எனக்கு விளக்கினார்: ஓவர் ரெவ் என்றால் பெரும்பாலும் வால்வு வளைந்திருக்கும், பிஸ்டன் தலையில் வால்வு இடித்த தழும்பு இருக்கும். பேரிங் கருகித் தேய்ந்திருந்தால் ஆயில் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம், அதற்குப் பையன் என்ன செய்வான்? என் முன்னால்தான் எஞ்சினைத் திறக்க வேண்டும் என்று மெசேஜ் அனுப்பினேன். திறந்தார்கள். வால்வு நேராக இருந்தது, பேரிங் கறுத்திருந்தது. அப்படியும் முழுசாக விடவில்லை. பாதி நீங்கள் என்று முடிவாகி 45,000 கட்டினேன். பிளஸ் டூ படிக்கும் பையனை எல்லோர் முன்னாலும் பொய்யனாக்கிய கோபம் எனக்கு இன்னும் தணியவில்லை. எஞ்சின் திறக்கும்போது நாம் நிற்கலாம் என்ற வரியை ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிடுங்கள்.

அதே ரவுண்டில்தான் அவன் விலா எலும்புக்கு மேல் நீலம் பாய்ந்திருந்ததைப் பார்த்தேன். சட்டை மாற்றும்போது தற்செயலாகக் கண்ணில் பட்டது, மறைத்து வைத்திருந்தான். சொன்னால் நிறுத்திவிடுவேன் என்று பயம். அந்தக் காரின் சீட் வேறு ஒரு உயரமான டிரைவருக்கு ஊற்றிய ஃபோம். இவன் ஒல்லி, ஒவ்வொரு வளைவிலும் உடம்பு நகர்ந்து ஓரத்தில் இடித்திருக்கிறது. பவர் ஸ்டீயரிங் கிடையாது, கையும் தோளும் மரத்துப்போகும். சீசன் தொடங்கும் முன் பிள்ளையை உட்காரவைத்து சீட் ஃபோம் ஊற்றித் தர வேண்டும், பெடல் தூரம் சரிபார்க்க வேண்டும் என்று கேளுங்கள். எங்களுக்கு அதற்குச் சில ஆயிரம்தான் ஆனது. அதைச் செய்த பிறகு அவனுக்கு ஒரு சுற்றுக்கு ஆகும் லேப் டைம் தானாகவே குறைந்தது. ஓட்டும் பிள்ளைகள் வலியைச் சொல்ல மாட்டார்கள். ஒவ்வொரு நாள் ராத்திரியும் சட்டையைக் கழற்றச் சொல்லிப் பாருங்கள், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

மூன்றாவது ரவுண்டில் நடந்தது என்னை மிகவும் பாதித்தது. எங்கள் டீமிலேயே ஓட்டும் இன்னொரு பையனும் என் மகனும் ஒரு வளைவில் உரசிக்கொண்டார்கள். ரேஸ் நடுவர்களான ஸ்டூவர்டுகள் இருவரையும் கூப்பிட்டார்கள். என் மகன் உள்ளே போனதும் "சாரி சார்" என்றிருக்கிறான். பெரியவர்கள் முன்னால் நின்றால் அவனுக்கு வாயில் முதலில் வருவது அதுதான். அது ஒப்புக்கொண்டதாகப் பதிவானது, நேரத் தண்டனை வந்தது. கையில் வீடியோ இல்லாமல் போனபோது ஸ்டூவர்டுகள் வேறு எதை வைத்து முடிவெடுப்பார்கள்? அவர்களைக் குறைசொல்ல மாட்டேன். ஆட்சேபம் எழுதிக் கொடுக்கலாம் என்று ஓடினேன். அப்போதுதான் தெரிந்தது, ஆட்சேபம் கொடுக்கும் உரிமை டிரைவரின் பெற்றோருக்கு இல்லை, காரைப் பதிவுசெய்த போட்டியாளருக்குத்தான். அந்தப் போட்டியாளர் எங்கள் டீம். இடித்த இரண்டு காரும் அவர்களுடையது, ஒருவருக்காக இன்னொருவர் மேல் அவர்கள் எதற்கு எழுதப்போகிறார்கள்? தற்காலிக முடிவுகளை அறிவிப்புப் பலகையில் ஒட்டிய பிறகு முப்பது நிமிடத்துக்குள் எழுத்தில், கட்டணத்தோடு கொடுக்க வேண்டும். நான் விதிப்புத்தகத்தைப் புரட்டி முடிப்பதற்குள் அந்த அரைமணி போய்விட்டது.

இதிலிருந்து உங்களுக்குச் சொல்ல வேண்டியது நிறைய. உங்கள் பிள்ளையின் பதிவில் போட்டியாளர் யார் என்று முதலிலேயே பாருங்கள். ஒரே டீமின் இரண்டு கார் மோதினால் என்ன செய்வீர்கள் என்று மேனேஜரிடம் நேராகக் கேளுங்கள். காரில் கேமரா மாட்டுங்கள், ஆனால் ஸ்க்ரூட்டினியில் காட்டி அனுமதி வாங்கிய இடத்தில்தான் மாட்ட வேண்டும். விசாரணைக்குக் கூப்பிட்டால் டீம் ஆள் ஒருவர் கூடவே போக வேண்டும். பிள்ளைக்கு வீட்டிலேயே பேசப் பழக்குங்கள்: எந்த வளைவு, யார் முன்னால், என் முன்சக்கரம் அவர் காரின் எந்த இடத்துக்குப் பக்கத்தில் இருந்தது, நான் எங்கே பிரேக் பிடித்தேன். இந்த வரிசையில் நிதானமாகச் சொன்னால் போதும். நாங்கள் சாப்பாட்டு மேசையில் தீப்பெட்டிகளை நகர்த்தி நகர்த்திப் பழகினோம்.

பிறகு தீபாவளி வந்தது. திருப்பூரில் யூனிட் நடத்துகிறவர்களுக்கு அந்த மாதம் என்றால் என்ன என்று சொல்லவே தேவையில்லை. தையல்காரர்களுக்கு போனஸ் கொடுக்க வேண்டும், அதே வாரத்தில் நான்காவது ரவுண்டுக்குப் பணம் கட்ட வேண்டும். போனஸைத் தள்ளிப்போடுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. ஸ்பான்சருக்கு அதற்கு முன்பே பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனிகளுக்கெல்லாம் அழகாக அச்சடித்த ஃபைலோடு போயிருந்தேன். எல்லோரும் மரியாதையாக உட்காரவைத்து டீ கொடுத்து, "தம்பி ஜெயிச்சதும் சொல்லுங்க" என்றார்கள். கடைசியில் 40,000 கொடுத்தவர், எங்களுக்குத் தெரிந்த ஒரு பம்ப்செட் ஒர்க்‌ஷாப்காரர். அவருக்குக் காரில் பெயர் வருவது பெரிதாகப் படவில்லை. தன் ஒர்க்‌ஷாப் பசங்களை ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கூட்டிவந்து, கேரேஜுக்குள் நின்று காரைத் தொட்டுப் பார்க்கவைக்க வேண்டும், அதுதான் ஆசை. பாஸ் வாங்கிக் கொடுத்தேன், சோறு கட்டி எடுத்துப்போனேன். ஊரில் சிறிய தொழில் செய்கிறவர்களிடம் இப்படிக் கேளுங்கள். காரில் எந்த இடத்தில் ஸ்டிக்கர் ஒட்ட அனுமதி உண்டு என்பதை மட்டும் டீமிடம் முன்கூட்டி எழுதி வாங்குங்கள், பல இடங்கள் சாம்பியன்ஷிப்புக்கும் டீமுக்கும் ஒதுக்கியிருக்கும்.

கடைசி ரவுண்டு கிரேட்டர் நொய்டாவில், புத் இன்டர்நேஷனல் சர்க்யூட். 2011-லிருந்து மூன்று வருடம் ஃபார்முலா ஒன் நடந்த இடம், 5.125 கிலோமீட்டர். கேரளா எக்ஸ்பிரஸில் இரண்டு இரவு பயணம், அவன் பிசிக்ஸ் புத்தகத்தோடு மேல் பெர்த்தில். எனக்கு இந்தி தெரியாது, ஸ்டேஷனிலிருந்து அவ்வளவு தூரம் டாக்சி பேசுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. நவம்பர் புகைமூட்டத்தில் கண் எரிந்தது, அவனுக்கு இருமல். ரவுண்டுக் கட்டணத்தில் கார் ஏற்றிப்போகும் லாரி வாடகை சேராது என்று அங்கே போன பிறகுதான் சொன்னார்கள், எங்கள் பங்கு 20,000. வெளியூர் ரவுண்டு என்றால் லாரி, மெக்கானிக்குகளின் தங்கும் செலவு, சாப்பாடு இவையெல்லாம் கட்டணத்துக்குள்ளா வெளியேயா என்று கேட்டுவிடுங்கள்.

ஆனால் அந்த ரேஸ்! அதைப் பார்த்ததற்காக நான் இன்னொரு முறைகூட அந்த ரயிலில் ஏறுவேன். ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளும் நேர்ப்பாதை, அதில் இந்தச் சின்ன எஞ்சின் கார்கள். முன்னால் போகும் கார் காற்றைக் கிழித்துக் கொடுக்க, பின்னால் ஒட்டிப் போகிறவனுக்கு வேகம் கூடும். நேர்ப்பாதைக்குள் முதலில் நுழைகிறவன் முடிவில் மூன்றாவதாக வருவான். செட்டிபாளையத்தில் யார் பிரேக்கைத் தாமதமாகப் பிடிப்பது என்ற விளையாட்டு. இங்கே யார் பொறுமையாகக் காத்திருப்பது என்ற விளையாட்டு. நான்கு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் ஒன்றாக வளைவுக்கு வந்தபோது நான் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவன் நம்பரை மட்டும் தேடினேன். ஆறாவதாக முடித்தான். அந்த சீசனில் அவனுடைய சிறந்த இடம் அது. கப் எதுவும் கிடையாது. ஹெல்மெட்டைக் கழற்றியதும் "ம்மா, நான் அந்த ரெண்டு பேரையும் வேணும்னே முன்னாடி விட்டேன், பாத்தியா" என்றான். பார்த்தேன் சாமி, நன்றாகவே பார்த்தேன்.

எல்லோருக்கும் ஒரே மாதிரி கார், அதனால் திறமை மட்டும்தான் என்று பேச்சு வரும். நம்ப வேண்டாம். முன்னால் வந்த பிள்ளைகள் சீசனுக்கு முன்பே அந்த டிராக்கில் பல நாள் ஓட்டிப் பழகியவர்கள். பயிற்சிக்கு நாங்கள் மொத்தமே 60,000 செலவழிக்க முடிந்தது. இன்று யாராவது என்னிடம் கேட்டால், நான்கு ரவுண்டுக்கும் பணம் கட்டாதீர்கள், இரண்டு ரவுண்டு மட்டும் ஓட்டி மீதிப் பணத்தில் டிராக் பயிற்சி எடுங்கள் என்றுதான் சொல்வேன். புள்ளிப்பட்டியலில் பெயர் கீழே இருக்கும், பரவாயில்லை. பிள்ளை ஓட்டக் கற்றுக்கொள்ளும். பிளஸ் டூ வருடத்தில் இதைச் செய்வதையும் யோசியுங்கள். அரையாண்டுத் தேர்வில் அவன் மார்க் விழுந்தது, பிறகு இரண்டு மாதம் உயிரைக் கொடுத்துப் படித்துத்தான் ஏறினான். பள்ளியில் முதல்வரிடம் முன்பே கடிதம் கொடுத்து, ரேஸ் தேதிகளையும் தேர்வுத் தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசியது உதவியது.

டெபாசிட் 50,000 திரும்பி வர பொங்கல் தாண்டிவிட்டது. போனில் கேட்டவரைக்கும் "பாத்து அனுப்பறோம் மேடம்" தான். ரவுண்டுவாரியாக நான் கட்டிய தொகை, தேதி, ரசீது எண் எல்லாம் ஒரே பக்கத்தில் தட்டச்சு செய்து, எழுத்தில் பதில் கேட்டு மெயில் அனுப்பியதும் அடுத்த வாரம் வந்தது. அதைக் கொண்டுபோய்ச் சங்கிலியை மீட்டேன். இப்போது அவன் கோவையில் மெக்கானிக்கல் படிக்கிறான். சனி ஞாயிறுகளில் அந்த அண்ணாவின் ஒர்க்‌ஷாப்பில் விஷ்போன் பற்றவைக்கக் கற்றுக்கொள்கிறான், வருடத்துக்குச் சில பயிற்சி நாள் மட்டும் ஓட்டுகிறான். என் கணக்கு நோட்டு பத்திரமாக இருக்கிறது. ஒப்பந்தம் கையில் வைத்துக்கொண்டு குழம்பி நிற்கும் அம்மாக்கள், அப்பாக்கள் யாராக இருந்தாலும் கேளுங்கள், வரிவரியாகச் சேர்ந்து படிக்கலாம்.